அரைஞாண் கயிற்றின் அடியில்

ஜொகூரில் செடெனாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தின் கடைசி வரிசை மரங்களைத் தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. நான் தள்ளினேன். என் கூட்டாளி வண்டியில் சுருண்டு கிடந்தான். பனங்குலை ஏற்றும் தள்ளுவண்டி அது. யாரையும் கேட்டு எடுக்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டார்கள்.

அவனுக்குக் காய்ச்சல் கண்டு எட்டாவது நாள். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் மலேரியா என்று சொல்லிக் கொய்னா மாத்திரை கொடுத்தார். காது அடைத்ததே தவிர காய்ச்சல் இறங்கவில்லை. நெஞ்சில் சிவந்த புள்ளிகள் வந்தன. பேச்சு குழறியது. அன்று காலை ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி, "நாளைக்கு இவனும் லாலான் புல் வெட்ட வரணும். நடிச்சது போதும்" என்றார்.

"நாளைக்கு நானும் வரமாட்டேன்" என்றேன்.

வீம்புக்குச் சொல்லவில்லை. முந்தின வருஷம் சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் இதே மாதிரி ஒருவன் செத்தான். பிணத்தைக் குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றை அறுத்தவன் நான். கயிறு கிடந்த இடத்தில், சுருட்டால் சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கு. கயிறு உராய்ந்த புண் என்றார்கள். கொண்டுபோய் எரித்தோம். அடுத்த மாதம் இன்னொருவனுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பொருக்கு அக்குளில் இருந்தது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்ததுமே இது மலேரியா இல்லை, உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லிப் படுக்கவைத்தார்கள். பிழைத்து வந்தான். அக்குளில் கடித்ததால் பிழைத்தான் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு உயிரோடு இருக்கும்வரை யாரும் அரைஞாணை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. டிரஸ்ஸரும் எங்கள் ஆள்தான். அவர் கையும் கயிற்றுக்கு மேலேயே நின்றுவிடும்.

அவனுக்கு நினைவு தவறுமுன், நாங்கள் குடியிருந்த லயத்தில் இரண்டு முறை கத்தியை எடுத்தேன். கூட்டாளி இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டான். "செத்தவனுக்குத்தான்டா கயிறு அறுப்பாங்க. என்னை இப்பவே பொணமாக்காதே."

செம்மண் சாலையில் பாதி தூரம் போனதும் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. கங்காணி.

"எங்கடா கிளம்பிட்டே, ராஜா மாதிரி வண்டி கட்டிக்கிட்டு?"

"ராஜா படுத்திருக்காரு. நான் மாடு."

"வாய்க்கு மட்டும் காய்ச்சல் வராது உனக்கு. மலேரியாவுக்கு எதுக்குடா பெரிய ஆஸ்பத்திரி? திருப்புடா வண்டிய!"

"மலேரியான்னா திருப்பறேன். நீங்களே பாருங்க."

கூட்டாளிக்கு அப்போது கையைத் தூக்கும் தெம்பு இல்லை. புல் வெட்டும் கத்தியின் முனையைக் கயிற்றுக்கு அடியில் விட்டு இழுத்தேன். கங்காணி, "ஐயோ பாவி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கயிறு விலகியது. இடது இடுப்பில் அதே கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம்.

அவர் திரும்பிக் குனிந்து பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்காது. அரிக்காது. அதனாலதான் யாருக்கும் தெரியறதில்ல."

அவர் கை தானாகவே தன் இடுப்பைத் தடவிப் பார்த்தது. அந்த லாலான் காட்டில் எங்களோடு தினமும் நின்றவர்தானே. சைக்கிளைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போய், "வண்டி தோட்டத்து வண்டி! திரும்பி வரணும்!" என்று கத்தினார்.

பெரிய சாலையில் அன்னாசி ஏற்றி வந்த சீனர் ஒருவர் தன் லாரியில் எங்களையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டார். வழியில் தம்போய் ஊரைத் தாண்டும்வரை கூட்டாளி செத்துப்போன தன் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தான்.

ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் வார்டைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் ஒரு தமிழர். பொருக்கைப் பார்த்ததும் கொய்னாவை நிறுத்தச் சொன்னார். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தாலும் விடாமல் கேட்டேன், அவரும் சொன்னார். இந்தக் கிருமி வெளியே தனியாகப் பிழைக்காது. ரத்தக் குழாயின் உட்சுவரில் இருக்கும் உயிரணுக்களுக்குள் புகுந்துகொள்ளும். உள்ளே இருப்பதைத் தின்று அங்கேயே பெருகும். இடம் போதாமல் போனால் பக்கத்து உயிரணுவுக்குப் போகும். சுவர் கெட்டுக் குழாய் கசியும். தோலில் கசிந்தால் புள்ளி, மூளையில் கசிந்தால் பிதற்றல்.

"உங்க லயத்துக்குள்ள புகுந்து, உங்க சோத்தத் தின்னு, உங்க சுவரையே இடிக்கிற ஆளுன்னு வெச்சுக்கோ" என்றார்.

"அந்த மாதிரி ஆளுங்கள நான் பார்த்திருக்கேன். மருந்து?"

"இதுக்கு இன்னும் மருந்து வரல. தண்ணி, கஞ்சி, அசையாத படுக்கை. அவன் உடம்புதான் சண்டை போடணும். நாளைக்கு இவனப் புல் வெட்ட விட்டிருந்தா நெஞ்சு நின்னுருக்கும்."

மறுநாள் காலை கூட்டாளி கண்ணைத் திறந்தான். காய்ச்சல் விடவில்லை. அது விட இன்னும் ஆறு நாள் ஆனது. கை மெதுவாக இடுப்புக்குப் போய்த் தேடியது.

"என் கயிறு எங்கடா, சண்டாளா?"

நான்கு நாளில் அவன் என்னை அடையாளம் கண்டு திட்டியது அதுதான் முதல் முறை. கயிற்றை மடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். "எழுந்து நடந்தா கட்டிவிடறேன்" என்றேன்.

உதவியாளர் கேட்டுக்கொண்டு நின்றார். எது கடிக்கிறது என்று ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கே அப்போது தெளிவாகவில்லை. நாய் உண்ணியா, எலியின் காதுக்குள் செந்தூள் போல ஒட்டியிருக்கும் பொடி உண்ணியா? அதைச் சோதித்துப் பார்க்க லாலான் காடு தெரிந்த ஒருவன் எலி பிடித்துத் தர வேண்டும் என்றார். காலுக்கு உறை தருவார்கள், பூச எண்ணெய் தருவார்கள். முன்பு எலி பிடித்த ஆள் பயந்து ஓடிவிட்டான்.

"நீ வர்றியா?"

"வர்றேன்."

"எந்தக் காட்டுல ஆரம்பிக்கலாம்?"

"செடெனாக்."

எட்டு எலிக்கூண்டுகளைக் கொண்டுவந்து வராந்தாவில் வைத்தார். இத்தனையையும் எதில் கொண்டுபோவாய் என்று கேட்டார். தள்ளுவண்டி ஒன்று இருக்கிறது, அதைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கூண்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.