எஞ்சின் ஒரு வீட்டில், பாடி ஒரு வீட்டில்

"சரக், சரக்" என்று இரண்டு இரும்புகளுக்கு நடுவில் மணல் அரைபடுவது போன்ற ஓசை எங்கேயாவது கேட்டால் மற்றவர்களுக்குப் பல் கூசும், எனக்கு வயிறு எரியும். ரப்பர் வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, அடியில் கறுப்புப் பசையைத் தடவி, மத்து கடைவதுபோல இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தால் வருகிற ஓசை அது. வால்வும் அது உட்காருகிற குழியும் காற்றுப் புகாமல் பொருந்தும்வரை உருட்ட வேண்டும். மைசூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, பள்ளிக்கூடம் விட்டு வந்த மாலைகளில் எல்லாம் நான் அதைத்தான் உருட்டினேன். அப்பா என்னை உருட்டச் சொல்லவில்லை. அந்த லாரி எஞ்சின் சீக்கிரம் முடிந்துவிட்டால் மல்லிகா வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று நம்பித்தான் உருட்டினேன்.

மல்லிகா என் சித்தப்பா மகள். என்னைவிடச் சில மாதம் சின்னவள். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரி, ஒருத்தி அடி வாங்கினால் இன்னொருத்தியும் சேர்ந்து அழுது வளர்ந்தவர்கள் நாங்கள். ஹனூர்ப் பக்கத்தில் மழையை நம்பி விவசாயம் பார்த்துச் சலித்துப்போய், ஒரு பழைய லாரியை நம்பி மைசூருக்கு வந்தது எங்கள் குடும்பம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அது பொது. சத்தியமங்கலத்தில் வாழைத்தார் ஏற்றி, திம்பம் மலை ஏறி, தேவராஜ மார்க்கெட்டில் இறக்குவார்கள். அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஓட்டுவார்கள்.

அப்படி ஒரு நாள் மலையில் பாதி ஏறும்போது எஞ்சின் கொதித்து, "ஜாம்" ஆகி நின்றுவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. மலை ஏறுமுன் பண்ணாரியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொள்வது எல்லா லாரிக்காரர்களுக்கும் வழக்கம். அன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்தவர் சித்தப்பா. கோயிலில் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனவர் அப்பா. "ஓட்டறவன்தான் தண்ணி பாக்கோணும்" என்றார் அப்பா. "எறங்குனவரு ஊத்திட்டுத்தான் ஏறுவாருன்னு நெனச்சேன்" என்றார் சித்தப்பா. அந்த ஒரு குடம் தண்ணீரை ஊற்றாமல் விட்டது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாழைத்தார் மலையிலேயே பழுத்து அழுக, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் விட்டபோது இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒரே மாதத்தில் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

சமாதானம் செய்யவென்று ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். பெரிய மாமாதான் அவர்களுக்குத் தலை. காலையில் ஆரம்பித்துச் சாப்பாட்டு நேரம்வரை பேசிப் பார்த்துவிட்டு, எஞ்சின் பெரியவனுக்கு, மிச்சமுள்ள பாடி சின்னவனுக்கு என்று தீர்ப்புச் சொன்னார்கள். கேட்ட அம்மா அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கை கழுவும்போது மாமா அவளிடம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணில்லாம இன்னொண்ணு ஓடாது கண்ணு. ரெண்டு நா மொறச்சுக்கிட்டுத் திரிவானுங்க, அப்பறம் தானா சேந்துக்குவானுங்க" என்றார். மகா புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. வடை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். என் பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை போன நாள் அது.

செயின் பிளாக் கட்டி எஞ்சினைக் கழற்றிப் பின்பக்கம் மரக்கட்டைகள்மேல் இறக்கினார்கள். மைசூருக்குள்ளேயே பன்னிமண்டபப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்ட சித்தப்பா, மூக்குக்குள் ஒன்றுமில்லாத லாரியை இழுத்துக்கொண்டு போனார். தட்டுமுட்டுச் சாமான்களோடு மல்லிகாவும் அதில் ஏறிப் போனாள். பள்ளிக்கூடமும் மாற்றிவிட்டார்கள்.

அப்பா அதன்பிறகு வேறு ஒருவர் லாரிக்குச் சம்பளத்துக்குப் போனார். வீட்டிலிருக்கும் நேரமெல்லாம் எஞ்சின்தான். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னால், "கண்டவன் கையி இதுல படவேண்டாம்" என்பார். உருகி ஒட்டிக்கொண்ட பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே எடுத்தார். கிராங்குத் தண்டைப் பட்டறையில் கடைந்து வாங்கிவந்து, படுக்க வைத்தால் வளைந்துவிடும் என்று அம்மாவின் பழைய சேலையைச் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். புதுப் பிஸ்டன்கள் கட்டிலுக்கடியில் இருந்தன. போல்ட்டும் நட்டும் சீமெண்ணெயில் ஊறியது அம்மாவின் மாவுப் பாத்திரத்தில். "எந்த ஏனத்தத் தொட்டாலும் சீமெண்ண நாத்தம், சோத்துல கையி வெக்க முடியல" என்று அம்மா அழுதால், "இது ஓடட்டும், சத்தம் அவன் வூட்டுக்கே கேக்கும், தானா வருவான் பாரு" என்பார். வரவழைத்து மன்னிப்புக் கேட்க வைப்பதற்கா, சேர்த்துக்கொள்வதற்கா என்று அவர் சொன்னதில்லை. அவருக்கே அது தெரியாமல் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருமுறை மார்க்கெட்டில் பூக்கடை வரிசையில் சித்தியையும் மல்லிகாவையும் பார்த்தோம். சித்தி எங்களைப் பார்த்ததும் வெற்றிலைக்கடைப் பக்கம் திரும்பி நடந்தாள். மல்லிகா மட்டும் இழுபட்டுக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் கறுத்துப்போன என் உள்ளங்கைகளைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தன் கையையும் தூக்கிக் காட்டினாள். அன்று வீட்டுக்கு வந்து கொப்புளம் வரும்வரை வால்வு உருட்டினேன்.

எஞ்சின் முடிந்தது. இரவல் பேட்டரி வைத்து, டிரம்மிலிருந்து தண்ணீருக்குக் குழாய் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அப்பா அதைக் கிளப்பினார். இரண்டு முறை திணறிவிட்டு மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர, புகை தெருவுக்குப் போக, அக்கம்பக்கத்தார் ஓடி வந்தார்கள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. ஆக்சிலேட்டரைக் கையால் முறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதே கதை. யாரும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் அம்மா, அப்பா லோடுக்குப் போயிருந்த நாளில், என்னைக் கூட்டிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போனாள். சித்தி காபி கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. எஞ்சின் தயாராகிவிட்டது, வந்து பூட்டிக்கொள்ளுங்கள் தம்பி என்று அம்மா கெஞ்சினாள். "அண்ணன் சொல்லி அனுப்புச்சுங்களா?" என்று கேட்டார் சித்தப்பா. அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "இல்லீங்க, நானாத்தான் வந்தேன்." "அப்ப அவருக்கு வேண்டாமின்னுதானுங்க அண்ணி அர்த்தம்." அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆமாம், அவர் அனுப்பினார் என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருந்தால் எங்கள் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று நான் பின்னாளில் அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில் நானும் மல்லிகாவும் பக்கத்துக் காலி மனையில் நின்ற லாரியின் திறந்த மூக்குக்குள் ஏறி உட்கார்ந்திருந்தோம். எஞ்சின் இருந்த இடத்தில் அவள் சாக்கு விரித்துச் சொப்புச் சாமான்கள் வைத்திருந்தாள். எங்கள் எஞ்சின் ஓடுகிறது, இனி நீ வந்துவிடலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் சொப்புச் சோற்றைக் கிளறிக்கொண்டே, "எங்கப்பா வேற எஞ்சின் பாத்தாச்சே. நாளன்னிக்கு வருது. என் எடந்தான் போயிரும்" என்றாள். அவள் குழந்தை, அவளுக்கு அந்த இடம் போவதுதான் கவலை. திரும்பும் பஸ்ஸில் அம்மாவிடம் சொன்னேன். அப்பா காதில் போட்டுவிடாதே என்று அம்மா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

காதில் போட வேண்டிய தேவை வரவில்லை. ஒரு மதியம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தெருவில் ஒரு லாரி போனது. எஞ்சின் சத்தம் புதிது. ஆனால் பின்கதவுச் சங்கிலி பலகையில் அடிபடுகிற சத்தம் எங்களுடையது. எங்கள் தெருவில் இறக்கவோ ஏற்றவோ எந்தக் கடையும் கிடையாது. வேண்டுமென்றே வந்து, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார் சித்தப்பா. அதை நான் மன்னிக்கவில்லை. அப்பா எழுந்திருக்கவில்லை. மோர் ஊற்றச் சொல்லி, பிசைந்து, முழுவதும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். பிறகு பின்பக்கம் போய் எஞ்சினில் இருந்த ஆயிலை வடித்து, தார்ப்பாயைப் போட்டு மூடிக் கயிறு கட்டினார். அவர் அதை மறுபடி கிளப்பவில்லை, விற்கவும் இல்லை. கேட்டு வந்த வியாபாரிகளை வாசலோடு விரட்டினார். கால் விழும்வரை அடுத்தவர் லாரியே ஓட்டினார். சித்தப்பாவாவது நன்றாக இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. சில வருஷங்களில் லாரியை விற்றுவிட்டார், வயதான காலத்தில் மல்லிகாவுக்குப் பின் பிறந்த மகன் வீட்டோடு குண்டலுபேட்டைக்குப் போய்விட்டார்.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்தார். ஆண் பிள்ளை இல்லாத மனிதர். கொள்ளி வைக்கத் தம்பிதான் வர வேண்டும் என்று உறவுகள் சொல்ல, இத்தனை காலம் பேசாத சித்தப்பா வந்து, மொட்டை அடித்து, தோளில் குடம் சுமந்து, எல்லாம் செய்தார். சாம்பல் கரைத்துவிட்டு வந்த பகலில் பின்பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கி வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் பண்ணியிருக்காரு" என்றார். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் என் அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலைப் பார்த்து நின்றார். கத்த வேண்டும்போல் இருந்தது. "பாத்தாச்சுன்னா மூடிருங்க சித்தப்பா, மழத்தண்ணி எறங்கும்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் தெருவில் இப்போது லாரி நுழைய முடியாது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள், கார்கள். என் பிள்ளைகள் வீட்டுக்குள்ளும் கன்னடம்தான் பேசுகிறார்கள். மல்லிகாவும் அன்று வந்திருந்தாள், கணவரோடு. என் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துக்க வீட்டில் யாரும் கேட்கிற கேள்விகளைக் கேட்டாள், நானும் பதில் சொன்னேன். கிளம்பும் நேரத்தில் கைப்பையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு என் பக்கம் குனிந்து, "பாத்ரூம் எல்லிதே?" என்று கன்னடத்தில் கேட்டாள். அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. கையை நீட்டிக் காட்டினேன். எஞ்சினைத் தாண்டும்போது, கறை படாமல் சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.