ஏறுகிற கோடும் இறங்குகிற கோடும்

எங்கள் வீட்டுப் பின்பக்க அறையில் மூன்று பெண்கள் குடியிருக்கிறார்கள். ஜமுனாமரத்தூரில் நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள். ஒருத்தி வாணியம்பாடி, ஒருத்தி ஒடுகத்தூர், இன்னொருத்தி வேலூர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடுவார்கள். வாணியம்பாடிப் பெண் கதையை நடத்துவாள். ஒடுகத்தூர்ப் பெண்ணுக்கு அதில் வைத்தியச்சி வேஷம், வேலூர்ப் பெண்ணுக்கு வில்காரி வேஷம். செய்யப் போவதை வாயால் சொல்லிவிட்டு, இருபது பக்கம் உள்ள பகடையை உருட்டுவார்கள். நல்ல எண் விழுந்தால் அது நடக்கும்.

நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்துவிடுவேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது.

ஒரு நாள் மேசை மேல் அவர்கள் வரைந்த வரைபடம் கிடந்தது. அதில் ஆறு ஏரியில் புறப்பட்டு மலை உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மழை வந்ததென்று மூவரும் கொடியில் காய்ந்த துணியை எடுக்க ஓடினார்கள். என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ரப்பரை எடுத்து அழித்து, மலையிலிருந்து ஆற்றை இறக்கிவிட்டேன்.

"யாருடி ஆத்த திருப்பி வுட்டது?" என்றாள் வாணியம்பாடிப் பெண்.

"நான் இல்லப்பா. பெரிம்மா, நீங்களா?" என்று ஒடுகத்தூர்ப் பெண் என்னைப் பார்த்தாள்.

தம்ளர்களைப் பார்த்தபடியே சொன்னேன். "தண்ணி மேல ஏறாதும்மா."

"அய்யே, எட்டு மாசமா ஏறிக்கினு இருந்துச்சே!" என்று வேலூர்ப் பெண் சிரித்தாள். "இனிமே படம் போடுற வேலை உங்க தலையிலதான்."

அஞ்சாம் வகுப்போடு நின்ற படிப்பில் எனக்குப் பிடித்தது வரைபடம் ஒன்றுதான். மளிகைப் பொட்டலக் காகிதத்தில்கூட வரைவேன். எங்கள் ஊரிலிருந்து கீழே சந்தைக்குப் போகிற வழியை ஒருமுறை இரண்டு கோடாகப் போட்டேன். சாமை மூட்டையோடு இறங்கும்போது நாலு இடத்தில் சுமையை இறக்கி வைப்போம். உப்பும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு ஏறும்போது ஏழு இடம். அதனால் இறங்குகிற கோடு நாலு விரல், ஏறுகிற கோடு ஏழு விரல், வளைத்து வளைத்து. "ஒரே வழிக்கு எதுக்கு ரெண்டு கோடு?" என்று வாத்தியார் குறுக்கே அடித்துவிட்டார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு கல்யாணம், காட்டு வேலை, பிள்ளைகள். வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் தொடவில்லை.

இப்போது அவர்கள் கதைக்காக ஒரு மலை, உச்சியில் ஒரு ஊர், அடியில் ஒரு ஊர் என்று இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். சமைக்கும்போதுகூட அந்த மலைதான் நினைவு. கை தானாக வழியை இரண்டு கோடாகவே போட்டது. ஒரு விரல் ஒரு மணி நேரம் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அடுத்த ஞாயிறு கதையில், அடி ஊரில் வைத்தியச்சியைப் பாம்பு கடித்துவிட்டது. மருந்து உச்சி ஊரில்தான் இருக்கிறது. இருட்டுவதற்குள் போய்ச் சேராவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள். இருட்ட நாலரை மணி நேரம் இருந்தது.

ஒடுகத்தூர்ப் பெண் படத்தில் விரல் வைத்து அளந்தாள். "ரெண்டு வழி கீதுடி. இந்த வழி நாலு விரல்தான். போய்டலாம்!"

அவள் அளந்தது இறங்குகிற கோடு.

டீத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். பேசாமல் இருந்தால் அவள் வைத்தியச்சி பிழைத்துக்கொள்வாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த மலை பொய்யாகிவிடும். நான் இத்தனை வருஷம் கழித்து வரைந்த மலை.

"அது எறங்குறதும்மா," என்றேன். "ஏறுறதுக்கு அந்தாண்ட இருக்கிற கோடு."

"இன்னா பெரிம்மா சொல்றீங்க? ரெண்டும் வேற வேற வழிதானே?" என்றாள் அவள்.

"ஒரே வழிதாம்மா. ஏறும்போது ஏழு மணி நேரம் ஆவும்."

யாரும் சிரிக்கவில்லை. வாணியம்பாடிப் பெண் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ ஏழுதான்," என்றாள்.

"பெரிம்மா, குறுக்கால ஒரு வழி போட்டுக் குடுங்க," என்றாள் ஒடுகத்தூர்ப் பெண். கண் கலங்கியிருந்தது. "எட்டு மாசமா வச்சிக்கினு இருக்கேன் அவள."

"அங்க பாறைம்மா. இல்லாத வழிய எப்படிப் போடுறது?"

ஏறி முடிக்கிறவரை விஷத்தைத் தாங்குகிறேன் என்று சொல்லி, கடைசியாகப் பகடையை உருட்டினாள். மூன்றுதான் விழுந்தது. ஏறுகிற கோட்டில் ஐந்தாம் விரலுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்தியச்சி செத்துப்போனாள். அந்தப் பெண் ஆறிப்போன டீயைத் தொடாமல் எழுந்து போனாள். ஒரு வாரம் என்னிடம் அவள் பேசவில்லை. வாசலில் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு போவாள். சொன்னது சரிதான் என்று தெரிந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறு ஞாயிறு டீ வைக்கப் போனபோது அவளே படத்தை என் பக்கம் தள்ளினாள்.

"அவளுக்கு ஒரு கல்லு வரைங்க. செத்த எடத்துலயே."

ஏறுகிற கோட்டில் ஒரு சின்னக் கல்லை வரைந்தேன். பிறகு யோசித்துப் பார்த்து, இறங்குகிற கோட்டிலும் அதே இடம் வருகிற விரலை அளந்து இன்னொரு கல்லை வரைந்தேன்.

"செத்தது ஒருத்தி, கல்லு ரெண்டா?" என்றாள் வேலூர்ப் பெண்.

"எறங்கி வர்றவங்களும் பாக்கணும் இல்ல," என்று ஒடுகத்தூர்ப் பெண் எனக்காகப் பதில் சொன்னாள். பிறகு நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.