நகவெட்டி அண்ணி

கதிரிலிருந்து ஒரு மணியை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, அண்ணி இடுப்புப் பையிலிருந்து நகவெட்டியை எடுக்கிறார். அரிசியை அதன் இரண்டு உதடுகளுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து. தலையைச் சாய்த்து, அது உடையும் சத்தத்தைக் கேட்கிறார். "ம்ஹும், மெத்துன்னுதான் உடையுது. இன்னும் முத்தணும்." உடைந்த பாதிகளைப் பைக்குள்ளேயே போட்டுக்கொள்கிறார். கோழி பொறுக்கும் இடத்தில் எறிய மாட்டார்.

நெல்லோடு பழகிய எவரும் முற்றியதா, காய்ந்ததா என்று பல்லில்தான் பார்ப்பார்கள். ஆலைக்காரர் கடிப்பார், வியாபாரி கடிப்பார், மூட்டை தூக்குகிறவர்கூட ஒன்றைக் கடித்துவிட்டுத்தான் தோளைக் கொடுப்பார். அண்ணியிடம் மட்டும் நகவெட்டி. ஒரு மணியால் உயிரா போய்விடும் என்று கேட்டால், "போகாது. ஆனா என் வாய் ஒரு மணிக்குத் திறந்தா, வீடு ஒரு மூட்டைக்குத் திறக்கும்" என்பார்.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பகலெல்லாம் மற்றவர் வயல் மண்ணை அமிலத்தில் கரைத்து இயந்திரத்துக்குக் கொடுப்பார். வேலைக்குப் போகும் முன்பும் விடுமுறை நாளிலும் புகுந்த வீட்டு வயல். கணவருடைய ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பார். கால் முன்னே போகும்; பூட்ஸ் யோசித்துப் பின்னால் வரும். பயிர் வைப்பது கணவரின் தம்பி. அவர் கூப்பிட்ட 'அண்ணி'யே அக்கம்பக்கத்து வயல்காரர் எல்லோருக்கும் பெயராகிவிட்டது. நகவெட்டியை முன்னால் சேர்த்தது அவர்கள் குறும்பு.

அந்த வயலில் இரண்டு நஞ்சுகள். ஆர்செனிக், நிலத்துக்கடியில் என்றைக்கோ கிடந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரோடு மேலே வந்தது. காட்மியம், வாய்க்கால் மேட்டில் பழைய பாட்டரிகளை உடைத்து உருக்கிய பட்டறை விட்டுப் போனது. பட்டறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அது கொட்டியது மண்ணிலேயே குடியேறிவிட்டது. கூடத்தில் அண்ணி இவற்றைப் பெயர் சொல்லித்தான் பேசுவார். வயலுக்கு வந்துவிட்டால் ஆர்செனிக் மாமியார், காட்மியம் மருமகள்.

"மாமியார் இங்கேயே கிடந்தவ. மருமக வெளியேருந்து வந்தவ. தண்ணி கட்டி நின்னா மாமியார் கை ஓங்கும், வேர் வழியா ஏறி அரிசிக்குப் போயிடுவா. தண்ணியை வடிச்சுக் காய விட்டா அவ அடங்குவா, மருமக கிளம்புவா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சும்மா இருக்கற வீட்டை நான் இன்னும் பாக்கல."

இதைக் கொல்லைப்புறத்தில் கடை அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்த நிஜ மாமியார் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"என்னைத்தானே சொல்றே?"

"உங்களைச் சொல்வேனா, அத்தை? நீங்க தண்ணி விட்டாலும் அடங்க மாட்டீங்க, விடாட்டியும் அடங்க மாட்டீங்க."

"என் மகன் பேர்ல மட்டும் ஒரு விஷமும் இல்லையாக்கும்?"

"உங்க மகன் மணல், அத்தை. எதைச் சொன்னாலும் உள்ளே நிக்காது."

மாமியார் முறத்தைப் படபடவென்று தட்டினார். சிரிப்பை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி அது.

சிரித்தாலும் அந்த முறத்தில் இருந்தது கடை அரிசிதான். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் வயல்; உலையில் கொதிப்பது யாருடைய நெல்லோ. முதல் போகத்தில் வழக்கம்போலத் தண்ணீர் நிறுத்தினார்கள். அரிசியில் ஆர்செனிக் உண்ணத்தக்க எல்லையைத் தாண்டியது. அடுத்த போகத்தில் அண்ணி சொன்னபடி வடித்துக் காயவிட்டார்கள். ஆர்செனிக் அழகாக இறங்கியது. வீடே பொங்கித் தின்னத் தயாரானபோது காட்மியம் எல்லை தாண்டிய கணக்கு வந்தது. "கதிர் பால் பிடிக்கற நேரத்துல காய விட்டுட்டேன். தப்பு என்னோடது," என்றார் அண்ணி. குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. மறுநாளே உமிச்சாம்பல் விசாரிக்கக் கிளம்பிவிட்டார்.

இரண்டு போகமும் துணிக்குக் கஞ்சிப் பசை காய்ச்சும் ஆலைக்குப் போயின. "ஊர்ல அத்தனை பேர் சட்டையும் நம்ம அரிசியைத் தின்னுட்டு விறைப்பா நிக்குது. நாம கடை அரிசியைத் தின்னுட்டுத் தொங்கறோம்," என்றார் கொழுந்தனார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "இந்த ஒரு போகம் பாக்கறேன், அண்ணி. இதுவும் கஞ்சிக்குன்னா, வயலை லாரி நிறுத்தக் கேக்கறவருக்குக் கொடுத்துடுவேன்."

"கொடுங்க, வேணாங்கல. ஆனா அவரை இப்பவே வேற இடம் பாக்கச் சொல்லிடுங்க," என்றார் அண்ணி.

சாம்பலை வெளியூர் ஆலையிலிருந்து வரவழைத்தார். சொந்த வயல் உமியை எரித்துப் போட்டால், வெளியே போன விஷத்தைக் கூப்பிட்டு மறுபடி உட்கார வைத்த மாதிரி. உமிச்சாம்பலுக்கும் வயலில் ஒரு உறவுமுறை உண்டு: நாத்தனார். "வேர்ல மாமியார் நுழையற வாசலும் இவ நுழையற வாசலும் ஒண்ணு. நாத்தனார் வாசல்ல காலை நீட்டி உக்காந்துட்டா, மாமியாருக்கு வழி ஏது?" மருமகளுக்குத் தண்ணீர்தான் மருந்து. இளம்பயிரை நனைத்தும் காயவிட்டும் வளர்த்து, கதிர் வந்ததிலிருந்து மணி கெட்டிப்படும்வரை மெல்லிசாகத் தண்ணீர் நிற்க வைத்தார். அளவு தெரிய, துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, குனிந்து ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். "அண்ணி வயலுக்குக் காது குடையறாங்க," என்று கொழுந்தனார் பக்கத்து வயலுக்குக் கேட்கும்படி சொல்வார்.

"குடைஞ்சாத்தான் சொன்னது கேக்கும். உங்களுக்கும் ஒண்ணு வைக்கவா, தம்பி?"

அறுவடையானதும் நெல்லைத் தார்ப்பாயில் பரப்பினார்கள். ஒரு கைப்பிடியை அண்ணி கூடத்துக்கு எடுத்துப் போனார். ஆனால் தான் சோதிக்கவில்லை. மற்ற வயல் நெல் பொட்டலங்களோடு சேர்த்து, வெறும் எண் ஒட்டி, உடன் வேலை செய்யும் அம்மாளிடம் கொடுத்துவிட்டார். தன் பிள்ளையின் விடைத்தாளைத் தானே திருத்தக் கூடாதாம்.

அந்த அம்மாளின் தொலைபேசி அழைப்பு வந்தபோது கொழுந்தனார் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். மாமியார் தார்ப்பாய் ஓரத்தில் கோழி விரட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க," என்றார் அண்ணி. கேட்டார். "ரெண்டுமா?" மறுபடி கேட்டார். கைபேசியைப் பையில் போட்டார்.

"ரெண்டு பேரும் எல்லைக்குக் கீழே. ஒருத்தி நல்லாவே கீழே."

"கஞ்சியா, சோறா? அதைச் சொல்லுங்க," என்றார் கொழுந்தனார்.

"சோறு. மண்ணைவிட்டு ரெண்டு பேரும் போயிடல, அடங்கியிருக்காங்க. அடுத்த போகமும் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுத்தான் பாக்கணும். ஆனா இந்த நெல்லு சோறு."

கொழுந்தனார் குதிக்கவில்லை. "போன தடவையும் பானை கழுவினோமே, அண்ணி," என்றார். குனிந்து ஒரு மணியை எடுத்தார். உமியை நகத்தால் கீறி, அரிசியை அண்ணியிடம் நீட்டினார். "காய்ஞ்சிருக்கான்னு பாருங்க."

மாமியார் கோழியை விட்டுவிட்டார்.

அண்ணி அரிசியை வாங்கினார். கை பழக்கத்தில் பைக்குள் போய் நகவெட்டியோடு வெளியே வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தார். கொழுந்தனாரின் விரல்களையும் பார்த்தார்.

"இந்தாங்க தம்பி, நகத்தை வெட்டுங்க. பாதி வயல் உங்க விரல்லதான் இருக்கு."

நகவெட்டியை அவர் கையில் திணித்துவிட்டு, அரிசியைக் கடைவாயில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி கடித்தார்.