பெர்லினில் ஒரு கதவு

வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். ஸ்டுட்கார்ட்டில், போன கிழமை. ஒரு பொதி கட்டும் கிடங்கில் ஒன்றரை வருடம் நின்றேன், எனக்கு அது நீண்ட காலம். மேற்பார்வையாளரிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, கையுறைகளைக் காற்சட்டைப் பைக்குள் திணித்தபடி ரயில் நிலையத்தை நோக்கிப் போகும் வழியில், ஒரு ஹோட்டலின் பக்கக் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ வெள்ளை விரிப்புகளைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிச் சூடும் சவர்க்காரமும் கலந்து ஒரு வாசனை வருமே, அது. அப்படியே நின்றுவிட்டேன். ரயில் போய்விட்டது. வேலையில்லாதவனுக்கு அடுத்த ரயிலும் ஒன்றுதான்.

அந்த வாசனை எனக்குப் பின்கதவு வாசனை. டுசல்டோர்ஃப்பில் இருந்த காலத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினேன். என்னோடு ஒரே வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் ஹோட்டல் வேலைதான். ஒருவன் விரிப்புத் தோய்த்தான், ஒருவன் மரக்கறி வெட்டினான், மூர்த்தி தரை துடைத்தான். நாங்கள் நாலு பேரும் சேர்ந்தால் ஒரு ஹோட்டலையே நடத்தியிருக்கலாம். முன்வாசலில் என்ன நடக்கிறது என்பதுதான் எங்களில் எவனுக்கும் தெரியாது.

வசந்தி அந்த வீட்டுக்குத்தான் வந்தாள். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த வருடங்கள் அவை. பாதை திறந்திருந்தது, கலியாணங்களும் மளமளவென்று நடந்தன. கொழும்பில் தாலி கட்டிவிட்டு வந்து, விசாவுக்கு அலைந்து அவளைக் கூப்பிட்டேன். வீட்டில் இரண்டு அறைகள். பொடியன்கள் மூன்று பேரும் ஓர் அறைக்குள் ஒதுங்கி, மற்றதை எங்களுக்குத் தந்தார்கள். பெருந்தன்மைதான். ஆனால் அந்த வீட்டைக் கட்டிய மனிதர் என்ன நினைத்தாரோ, எங்கள் அறையைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போகலாம். அதனால் கதவைப் பூட்ட முடியாது. கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டிச் சேலை தொங்கவிட்டோம். பொடியன்கள் நல்லவர்கள், தாண்டிப் போகும் முன் ஒவ்வொருவனும் வாசலில் நின்று இருமுவான். மாரி தொடங்கியதும் எது அறிவிப்பு, எது தடிமன் இருமல் என்று தெரியாமல் போயிற்று.

வேறு வீடு பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தோம். எங்கே வேலை, எவ்வளவு காலம் என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், அதுவரை எதையும் இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்துக்கொண்டதில்லை. என் வேலைகளின் வரலாற்றைக் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்த வீட்டுக்காரர் ஒருவரும் இல்லை.

வசந்தி முறைப்பாடு சொல்கிற ஆள் இல்லை. ஒருநாள், நாங்கள் இருவர் மட்டும் வீட்டில் இருந்த அபூர்வமான பின்னேரத்தில், வெங்காயம் உரித்தபடி சொன்னாள். "இஞ்சாருங்கோ, இஞ்ச வந்து நான் ஒருக்காலும் சத்தமாச் சிரிக்கேல்லை. தெரியுமோ உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. அதுதான் எனக்குச் சுட்டது.

அந்த நேரம் என்னிடம் எங்கும் போய்வரலாம் என்கிற வதிவிட அனுமதி இருந்தது, கிடைத்து அதிக காலமில்லை. அதற்கு முந்திய வருடங்களில் ஜெர்மனி அகதி முகாமில் இருந்தபோது மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்குக் கூட அனுமதி கேட்க வேண்டும். ஆகவே பயணம் என்ற சொல்லே எனக்குத் தலையில் ஏறுகிற மது மாதிரி. பெர்லினுக்குப் போவோம், ஹோட்டலில் அறை எடுத்துத் தங்குவோம் என்று சொன்னேன். பெர்லினை நான் ஒருதரம் கடந்திருக்கிறேன், இந்த நாட்டுக்குள் களவாக வந்தபோது, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில், மூடிய லொறிக்குள். அரசர்கள் இருந்த நகரம், சுவர் கட்டிப் பிரித்துச் சுவர் இடித்துச் சேர்த்த நகரம், அதை நான் சத்தத்தில் மட்டுமே அறிவேன். கண்ணாலும் பார்க்க வேண்டும் என்று பட்டது.

வசந்தி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அறைக்குப் பூட்டு இருக்குமோ?"

அன்றிலிருந்து வீடு திருவிழாதான். பயண முகவர் கடையில் சும்மா கொடுக்கும் வண்ணப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தோம். அந்தக் கடைகளில் அப்போது ஒரு வாசனை இருக்கும், புதுத் தாளும் கோப்பியும் கலந்து. எங்களைப் போன்றவர்கள் உள்ளே போனால், அங்கே இருந்த பெண் முதலில் கொழும்பு போகத்தான் டிக்கெட் கேட்கிறோம் என்று நினைப்பாள். இல்லை, பெர்லின், மூன்று இரவு, குளியல் தொட்டி உள்ள அறை என்றபோது அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வசந்தி ஓர் அறையின் படத்தை வெட்டி அடுப்புக்கு மேலே ஒட்டினாள். கறியாவி பட்டு அந்தக் கட்டில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

பொடியன்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு பின்கதவு ஞானம். லிப்டுக்குப் பக்கத்து அறை எடுக்காதே, இரவெல்லாம் மணி அடிக்கும். குசினிப் புகைபோக்கிக்கு மேலே எடுக்காதே. காலைச் சாப்பாட்டுக்கு முதல் ஆளாகப் போ, பிந்தினால் முட்டை ரப்பராகிவிடும். எங்களில் நல்ல ஜெர்மன் பேசுகிறவன் மூர்த்திதான். தொலைபேசியில் அவன்தான் கதைத்தான். மெத்தை எந்த வருடம் மாற்றியது, விரிப்பு வெளியில் தோய்க்கிறதா உள்ளுக்குள்ளா என்றெல்லாம் கேட்கவும், அந்தப் பக்கத்துப் பெண் மரியாதையாக, ஐயா இந்தத் தொழிலில் இருக்கிறீர்களோ என்றாள். மூர்த்தி ஒரு கணமும் தயங்காமல், ஓம், ஹோட்டலின் சுத்தத்தைக் கவனிக்கிற பொறுப்பு என்னுடையது என்றான். தரை துடைக்கிறவன் சொன்னால் அது பொய்யும் இல்லை. முற்றம் பார்த்த அமைதியான அறை ஒன்று எங்களுக்குக் கிடைத்தது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. குணம் அண்ணை.

முகாமில் எனக்கு மேல்கட்டிலில் படுத்தவர். முதல் மாரியில் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டவர். இப்போது அவர் பெர்லினில், ராணி அக்காவோடும் மூன்று பிள்ளைகளோடும். எங்கள் ஆட்களின் முறை உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு நகரத்தில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், நாம் தங்குவது அங்கேதான். வரவேற்பறையில் பாய் விரிப்பார்கள், பிள்ளைகளைக் கிளப்பிவிட்டுக் கட்டிலைத் தருவார்கள், விடியவிடியக் கதைப்பார்கள். அவர் இருக்கும் ஊரில் போய் ஹோட்டலில் நிற்பதென்றால், மூஞ்சியில் அடிப்பதற்குச் சமம். பாரிசில் அப்படி நின்ற ஒருவனோடு சொந்த மச்சானே பிறகு கதைக்கவில்லை. சொல்லிவிட்டுப் போனால் அறை போய்விடும். சொல்லாமல் போய்ப் பிடிபட்டால் அண்ணை போய்விடுவார்.

"பெர்லின் என்ன குச்சொழுங்கையே," என்றான் மூர்த்தி. "அவ்வளவு சனத்துக்குள்ள உங்களை ஆர் காணப்போறான்?"

சொல்லாமலே போனோம். அந்தக் காலத்தில் வார இறுதிக்கு ஒரு மலிவு டிக்கெட் இருந்தது. ஐந்து பேர் ஒரே டிக்கெட்டில், வேகமில்லாத ரயில்களில் நாடு முழுக்கப் போகலாம். நாங்கள் இரண்டு பேர், ஆகவே காசைப் பங்கிட மேடையில் நின்று மிச்சம் மூன்று பேரைப் பிடித்தோம். ஒரு மாணவனும், பூனைக் கூடையோடு ஒரு பெண்ணும், கிற்றார் வைத்திருந்த ஒருவனும். வழிநெடுக இறங்கி ஏறி, மேடை மாறி ஓடி, வசந்தி அவித்த கடலையை ஐந்து பேரும் பகிர்ந்து தின்று, ஞாயிறு சாயங்காலம் பெர்லினில் இறங்கினோம். பூனைக்கும் கொஞ்சம் கடலை போயிற்று.

அறை படத்தில் இருந்ததைவிடச் சின்னது. வசந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், பூட்டினாள், திறந்தாள், மறுபடியும் பூட்டினாள். பிறகு கட்டிலில் குப்புற விழுந்தாள். நான் பொடியன்களைப்போலக் கதவடியில் நின்று இருமினேன். அவ்வளவுதான். தலையணைக்குள் முகத்தை வைத்திருந்தும் அந்தச் சிரிப்பு முற்றம்வரை கேட்டிருக்கும். பெரிய வாசலையும் தேவாலயங்களையும் சுவரில் மிஞ்சிய துண்டையும் மறுநாள் பார்த்தோம், எல்லாம் நன்றாகவே இருந்தன. ஆனால் பெர்லின் என்றால் எனக்கு முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான்.

பிழையும் அதே நாள் மத்தியானம்தான் நடந்தது. காலையில் ஏழு விதமான பாணும் பாற்கட்டியும் தின்ற வசந்திக்கு, நடந்து களைத்ததும் வாய் வேறு ஒன்றைத் தேடியது. தமிழ்க் கடை ஒன்று தெரிந்தது. பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்றாள். இரண்டு வடை, ஒரு பிடி கறிவேப்பிலை. கடைக்காரர் கறிவேப்பிலையைச் சுற்றிக்கொண்டே எந்த ஊர் என்றார், ஆருடைய ஆட்கள் என்றார், எங்கே நிற்கிறீர்கள் என்றார். நான் அவள் கையைப் பிடித்து அழுத்துவதற்குள், ஹோட்டலின் பெயரையும் அறை முற்றம் பார்த்தது என்பதையும் அவள் பெருமையாகச் சொல்லி முடித்திருந்தாள். ஹோட்டலில் போய்க் கறிவேப்பிலையை என்ன செய்யப்போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

நாங்கள் திரும்பி வரும்போது, கடைக்காரர் மூலம் செய்தி எட்டி, குணம் அண்ணை ஹோட்டல் வரவேற்பு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். வேலை உடுப்பு, முகத்தில் கரி, கழுத்து மடிப்புகளிலும் கரி. வெல்வெட் கதிரையின் நுனியில், எதையும் தொடாமல் இருந்தார். பக்கத்தில் ராணி அக்கா.

"என்ன தம்பி," என்றார் மெதுவாக. "நான் செத்துப்போனன் எண்டு ஆரும் சொன்னவையோ?"

பெட்டியை எடு, வீட்டுக்குப் போவோம் என்றார். நான் மாடிப்படியைப் பார்த்தேன். போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று தோன்றியது.

வசந்திதான் முன்னால் வந்தாள். அவள் அவரை அன்றுதான் முதல்முதல் காண்கிறாள். "அண்ணை, கோவிக்காதேங்கோ. நான் வர ஏலாது. மூண்டு ஆம்பிளையள் நடமாடுற அறையில சேலையைக் கட்டிப்போட்டு இருக்கிறன். கதவைப் பூட்டிப்போட்டுப் படுக்க வேணும் எண்டுதான் இவர் என்னை இஞ்ச கூட்டிக்கொண்டு வந்தவர். இன்னும் ரெண்டு ராத்திரி இருக்கு."

அண்ணை நிலத்தைப் பார்த்தார். ராணி அக்கா எழும்பி, அறையை ஒருக்கால் காட்டும் பிள்ளை என்றாள். நாலு பேரும் மேலே போனோம். அக்கா குழாயைத் திறந்து பார்த்தாள், விரிப்பைத் தடவினாள், கதவைப் பூட்டிப் பார்த்தாள். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், ஹோட்டல் அறை ஒன்றுக்குள் இப்போதுதான் நிற்கிறேன் என்றாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். "விடுங்கோ அதுகளை. ஆனா சாப்பாடு எங்கட வீட்டில."

அன்று பின்னேரம் அவர்கள் வீட்டில் மீன்குழம்பு. கறிவேப்பிலைக்கும் வேலை கிடைத்தது. அண்ணை பழைய ஆளாகிவிட்டார். அவர் நிலக்கரி சுமந்துகொண்டிருந்தார். கிழக்குப் பக்கத்துப் பழைய மாடி வீடுகளில் அப்போதும் ஓடு பதித்த கரி அடுப்புகள்தான், லிப்ட் கிடையாது, கரிக்கட்டிகளை முதுகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். கூட வேலை செய்த ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது, மாரி வருகிறது, முதலாளி ஆள் தேடுகிறார் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, வசந்தியைப் பார்த்தார். "கரி முற்றத்துக்குப் பின்னால ஒரு அறையும் இருக்கு, பிள்ளை. வேலை செய்யிற ஆளுக்கு. சின்னன்."

"பூட்டு இருக்கோ அண்ணை?"

"ரெண்டு."

என் வாழ்க்கையில் நான் அதிக காலம் பிடித்த வேலை அதுதான், அந்த அறையில் நாலு வருடம் இருந்தோம். மகள் அங்கேதான் பிறந்தாள். இப்போது கரி முற்றம் இருந்த இடத்தில் கோப்பிக் கடை. அந்த அடுப்புகளையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டார்கள். மாரிக் காலையில் தெருவெல்லாம் கவிந்திருக்கும் மஞ்சள் புகை மணமும் இல்லை. ஐந்து பேர் டிக்கெட் இல்லை, அந்நியர்களோடு கடலை தின்னும் பயணமும் இல்லை. பயண முகவர் கடை இருந்த இடத்தில் நகம் தீட்டும் கடை வந்துவிட்டது. பெர்லின் ஹோட்டலை இடித்துவிட்டார்கள். குணம் அண்ணை குடும்பத்தோடு லண்டன் போனார். எங்கள் பிள்ளைகள் இப்போது எந்த ஊருக்குப் போனாலும் யாருக்கும் சொல்லாமல் ஹோட்டலில் நிற்கிறார்கள், ஒருவரும் கோபிப்பதில்லை. வரவேற்பறையில் பாய் விரிப்பவர்களும் இல்லை.

அந்த மீன்குழம்புக்கு அடுத்த நாள், கரி வேலைக்குப் போக விடிய எழும்பினேன். வசந்தி நல்ல நித்திரை. வெளியிலிருந்து ஹோட்டல் அறைக் கதவைச் சாத்திவிட்டு, குசினியில் முட்டை பொரிகிற மணத்தையும் விட்டுவிட்டுப் போனேன். அண்ணை தோல்வார் மாட்டிய மரத்தொட்டியை என் முதுகில் ஏற்றினார். முதல் வீடு நாலாம் மாடி. தனியாக இருந்த ஒரு கிழவி கதவைத் திறந்தார். அடுப்படியில் கரியை அடுக்கி முடித்ததும் தண்ணீர் தந்து, புது ஆளா, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். ஹோட்டலின் பெயரைச் சொன்னேன். என் கரி முகத்தை மேலும் கீழும் பார்த்தார். மனைவி அங்கே இன்னும் தூங்குகிறாள் என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்கு நம்பவைக்க நேரமில்லை, கீழே வண்டி நிறையக் கரி கிடந்தது.