இரண்டாம் பாகம் இருக்கிறதா?

எனக்குப் பகற்கனவு காண்கிற வியாதி உண்டு. அதற்குக் கிளை நூலகத்தைவிடத் தோதான இடம் கிடையாது. மதியத்தில் மின்விசிறி மெல்லச் சுற்றும், செய்தித்தாளின் ஓரங்கள் எழுந்து எழுந்து படியும், வாசலில் வெயில் அசையாமல் நிற்கும். சிவகாசிப் பக்கத்து நூலகம் ஒன்றில் நூலகராக அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் எங்களுக்கும் ஒரு இணையதளம் வேண்டும் என்ற ஆசை வந்தது. உலகமே வந்து பார்க்கப்போகிறது என்று நினைத்தேன்.

செய்து தந்தவர் காலண்டர் அச்சகத்தில் டிசைன் போடுகிறவர். கைப்பழக்கம் போகுமா? மேலே குத்துவிளக்கு, இரண்டு பக்கமும் ரோஜா, நடுவில் கட்டடத்தின் படம், கீழே எங்கள் விழாக்களில் ரிப்பன் வெட்டியவர்களின் படங்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. விருதுநகரிலிருந்து வேலைக்கு வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே திறந்து திறந்து பார்ப்பேன். என் கணவர் ஒருமுறை போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை பிரமாதம். முகூர்த்தம் என்னைக்குன்னுதான் போடல" என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. பட்டாசு காய வெயில் வேண்டும். மழை என்றால் வேலையாட்களை ஏற்றிப்போன கம்பெனி வேன்கள் மதியமே திரும்பிவிடும். அன்று ஒரு பெண் ஈர முந்தானையை உதறியபடி உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும். எவ்வளவு கழுவியும் போகாத வெள்ளிப்பொடி நகக்கண்களில் மினுங்கியது. ஒரு பழைய நாவலின் முதல் பாகத்தைப் படித்து முடித்தவள், இரண்டாம் பாகம் கேட்டாள்.

"வெளிய போயிருக்கும்மா. அடுத்த வாரம் வந்து பாரு."

"போன வாரமும் இதத்தான சொன்னீக? இங்கன வேனை விட்டு இறங்கிட்டா எங்க ஊரு விஸ்வநத்தம் வரைக்கும் நான் நடக்கணும்க்கா. ஒங்க வெப்சைட்டப் பாத்தேன். யார் யாரோ ரிப்பன் வெட்டுறாக. புத்தகம் இருக்கா இல்லையான்னு ஒரு வரி போடக் கூடாதா?"

எனக்குச் சுருக்கென்றது. மூக்குமேல் கோபம் வருகிற ஆள் நான். "கதைப் புத்தகத்துக்கு இம்புட்டு அவசரமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் மேசையில் சாய்ந்துகொண்டு, மழையைப் பார்த்தபடியே சொன்னாள். போகவர வேனில் அவள்தான் சத்தமாக வாசிப்பாளாம். கூட வருகிற பெண்கள் எல்லோரும் கேட்பார்களாம். டிரைவருக்குப் பின்சீட்டில் அவளுடைய மாமியார்.

"எங்க அத்தைக்கு எழுத்து தெரியாதுக்கா. ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு. ரெண்டு வருசமா என்கூட ஒரு வார்த்த கிடையாது. எதுக்குச் சண்டைன்னு எனக்கே மறந்துபோச்சு. ஆனா நான் படிச்சு நிறுத்துனா, திரும்பாமலே 'அப்புறம்?'னு கேப்பாக. மொதப் பாகம் முடிஞ்சதுலருந்து அதுவும் இல்ல. கண்ணு வேற மங்கிருச்சு, இந்த சீசனோட வேலைய விட்டுருவாக. தீபாவளிக்குக் கம்பெனிய மூடிட்டா வேனும் இல்ல, அந்தக் கேள்வியும் இல்ல."

அன்று மாலையே ரோஜாவையும் ரிப்பனையும் எடுக்கச் சொன்னேன். "என்னக்கா, மொட்டையா இருக்குமே" என்று டிசைனர் வருத்தப்பட்டார். மொட்டையாகவே இருக்கட்டும் என்றேன். கதைப் புத்தகங்களின் பட்டியலை முதலில் ஏற்றினோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'உள்ளது' அல்லது 'வெளியே போயிருக்கிறது' என்று ஒரு வரி. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. 'எனக்காக எடுத்து வையுங்கள்' என்று ஒரு பொத்தான்.

ஆச்சரியம், புத்தகம் கேட்டுப் பலரும் எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் வேலை தொடங்குமுன் காலையில் கொஞ்சம், வேன் திரும்பும் மாலையில் கொஞ்சம், நடுவில் பெரும்பாலும் ஒன்றும் வராது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் போகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அதன்பின் என் மதியக் கனவு மாறிப்போனது. கேட்டருகே ஒரு பெட்டிக்குள் அத்தனை போன்களும் அணைந்து கிடப்பதையும், அவற்றுக்குள் எங்கள் புத்தகங்களின் பெயர்கள் இருட்டில் வரிசையாக உறங்குவதையும் கண்ணைத் திறந்துகொண்டே பார்ப்பேன்.

சீசனின் கடைசி வியாழக்கிழமை காலை இரண்டாம் பாகம் திரும்பி வந்தது. அவள் பெயரெழுதிய சீட்டைச் செருகி, 'உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறோம்' என்று இணையதளத்தில் போட்டேன். மதியம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்து மேசைமேல் அதைப் பார்த்துவிட்டார். "ரெண்டே நாள்ல தந்துருவேன்மா" என்றார். மரியாதைப்பட்டவர், முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவள் எங்கே இன்றைக்கே வரப்போகிறாள் என்று சீட்டை உருவிவிட்டுக் கொடுத்தேன். இணையதளத்தில் மாற்றவும் மறந்தேன்.

மாலை தூறலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பாகப் போனை என்முன் நீட்டினாள். நடந்ததைச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "இன்னும் ரெண்டு நாளுதான்க்கா வேன் ஓடும். நாளைக்குப் படிக்கேன்னு அத்த காதுல விழட்டும்னே சத்தமாச் சொல்லிட்டு இறங்குனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் நடந்தாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ராப்பகலாகப் பட்டியலை ஏற்றி என்ன பிரயோசனம், அதை நம்பி ஒருத்தி நடந்து வந்து வெறுங்கையோடு திரும்பினால்?

கதவைப் பூட்டிவிட்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். "இது வேற ஒருத்தருக்குன்னு எடுத்து வச்சது டீச்சர். கொடுத்தது என் தப்பு."

"யாருக்கும்மா?"

"ஒரு வேனுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் மடக்கி வைத்த கண்ணாடியைப் பக்கங்களுக்கிடையிலிருந்து எடுத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினார். "முப்பதாம் பக்கத்துல நிக்கேன். வேன் முடிச்சதும் எனக்குத்தான், ஆமா" என்றார்.

மறுநாள் எனக்கு விடுமுறை. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வேன் நிற்கும் முக்கில் நின்றேன். மழை விட்டிருந்தது. பனிபோல ஏதோ ஒன்று ரோட்டின்மேல் மிதந்தது, அதற்குள்ளிருந்து வேன் கனவில் வருவதுபோல் சத்தமில்லாமல் வந்தது. புத்தகத்தைப் பார்த்ததும் அவள் ஜன்னல் வழியே இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஏறுறதுன்னா ஏறுங்கக்கா, லேட்டாவுது" என்றார் டிரைவர். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை, ஏறிவிட்டேன்.

கடைசி சீட்டில் எனக்கு இடம் கொடுத்துவிட்டு அவள் படிக்கத் தொடங்கினாள். முன்னால் ஒரு நரைத்த கொண்டை, திரும்பாமல் இருந்தது. நாலைந்து வரி போயிருக்கும். அந்த அம்மா பக்கத்து சீட்டில் வைத்திருந்த சோற்றுப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு திரும்பினார்.

"ஏ பிள்ள, இங்கன வந்து உக்காந்து படி. அங்கன இருந்தா எனக்கு ஒண்ணும் கேக்கல."

அவள் எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய் உட்கார்ந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"மெதுவாப் படி" என்றார் மாமியார். "கம்பெனி கேட்டு வர இன்னும் நேரம் கெடக்கு."