மாத்தியாச்சு

துரை பங்களாவுக்குக் குளிர்காற்று இயந்திரம் வந்த கதையை எங்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அம்மாவின் தம்பியைக் கேட்டால், தன் கையால்தான் அது ஓடத் தொடங்கியது என்பார். அதில் பாதி உண்மை. மாமா கையால் அது ஓடியது, மாமா வாயால் ஒரு மனிதருக்கு உயிர் போகவும் பார்த்தது. இரண்டையும் கிட்டத்தில் நின்று பார்த்தவள் நான், ஆகவே என் கதையை நம்பலாம்.

அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்திருந்த சமயம். கோல சிலாங்கூருக்கு வடக்கே எங்கள் ரப்பர் தோட்டம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்தார்கள். கடையில் பால் டின் வாங்கினால்கூட ஓட்டை போட்டுத்தான் கையில் தருவார்கள். ஓட்டை போட்ட டின்னை எவன் பதுக்கி வைப்பான்? கெட்டுப்போவதற்குள் நாங்களே நக்கித் தீர்த்துவிடுவோம். அந்தச் சட்டத்தை மட்டும் பிள்ளைகள் நாங்கள் மனமார ஆதரித்தோம்.

அம்மா முதலில் ரப்பர் பால் இறங்கப் பால்மரம்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நிரை, அதாவது அவள் வெட்டவேண்டிய மரவரிசை, காட்டை ஒட்டி இருந்தது. பக்கத்து நிரைக்காரியை ஒருநாள் காட்டு ஆட்கள் மறித்து, அரிசி கொண்டுவரச் சொல்லி மிரட்டி அனுப்பினார்கள். அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். நிரையை மாற்றிக் கொடுங்கள் என்று அப்பா எங்களை வேலை வாங்கும் மண்டோரிடம் கெஞ்சிப் பார்த்தார். "எல்லாருக்கும் மாத்திக் குடுத்தா காட்டோரம் வெட்ட யாரு இருக்கா? நானா வெட்டறது?" என்று மண்டோர் கையை விரித்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத் துரைசானிக்குப் பிள்ளை பிறந்தது. மலாய் நன்றாகப் பேசுவாள், குழந்தையும் அவளிடம் அழாது என்பதற்காக அம்மாவை ஆயாவாக எடுத்துக்கொண்டார்கள். அப்பா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். பின்னே? பங்களாவைச் சுற்றி மணல்மூட்டை, வாசலில் துப்பாக்கிக் காவல், ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புத் தகடு. "அதைவிடப் பத்திரமான எடம் மலாயாவிலயே கெடையாதுலா" என்றார் மாமா. மாமா எதையும் மலாயா முழுக்கப் பார்த்து வந்தவர் போலத்தான் சொல்வார். இதை நாங்களும் நம்பினோம்.

ஆனால் இரும்பு அடித்த வீடு அடுப்பாகத்தான் இருக்கும். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வீட்டுக்குக் குளிர்காற்று வர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விடுவேன் என்று துரைசானி சொல்லிவிட்டாள். துரைசானி கப்பல் ஏறினால் அம்மா திரும்பக் காட்டோரத்துக்குப் போக வேண்டும். ஆக, அந்த இயந்திரம் துரையைவிட எங்களுக்குத்தான் அவசியமாகிப் போனது. அது பழுதில்லாமல் ஓட வேண்டும் என்று அப்பா மாவிளக்கு நேர்ந்துகொண்டார். மாரியம்மனுக்கு இப்படியொரு வேண்டுதல் அதற்கு முன் வந்திருக்க வாய்ப்பில்லை.

இயந்திரத்தோடு கிள்ளானிலிருந்து லோரியில் ஒரு சீனர் வந்தார். அதைப் பூட்டிப் பொருத்துகிற வேலைக்காரர். ஒல்லியான ஆள், வாயில் எப்போதும் அணைந்த சுருட்டு. எந்தெந்தத் தோட்டத்திலோ வேலை பார்த்ததில் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மலாய்ப் பேச்சில் உப்பு மாதிரித் தூவிப் பேசுவார். "சாப்டியா? சாப்டியா?" என்று கண்டவரையெல்லாம் கேட்பார், பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்.

முள்வேலிக் கேட்டிலேயே சண்டை தொடங்கிவிட்டது. காவலுக்கு நின்ற மலாய்க்கார இளைஞன் லோரியில் இருந்த கேஸ் உருளையைத் தட்டிப் பார்த்தான். டின் எதுவானாலும் ஓட்டை போட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்பது சட்டம். அவன் சட்டத்தை மதிப்பவன், ஆணியும் சுத்தியலும் எடுத்துவிட்டான். சீனர் உருளையைப் பெற்ற பிள்ளை போலக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார். ஓட்டை போட்டால் நீயும் இருக்க மாட்டாய், நானும் இருக்க மாட்டேன், இந்தக் கேட்டும் இருக்காது என்பது அதன் பொருள். அப்படியே அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பங்களாவரை நடந்தே போனார். பின்னால் நாங்கள் ஒரு படையே போனோம்.

இயந்திரம் இரண்டு துண்டு. ஒன்று வீட்டுக்குள், கூரைக்கு அடியில். அதிலிருந்து தகரக் குழாய் வழியாகக் குளிர்காற்று எல்லா அறைகளுக்கும் போகும். இன்னொன்று வெளியே, சிமெண்டு மேடையில். உள்ளே இருக்கும் சூட்டை வாங்கி வெளியே கொட்டுவது அதன் வேலை. இரண்டுக்கும் நடுவில் செம்புக் குழாய். காவல்காரர்கள் வெளித்துண்டைச் சுற்றி மணல்மூட்டை அடுக்கப் போனபோது சீனர் குறுக்கே நின்றார். "இதுக்கும் மூச்சு வேணும். மூட்டை வச்சா இது செத்துப் போவும்" என்றார் தமிழில். மூட்டைகள் ஓர் ஆள் தூரம் தள்ளிப் போயின.

குழாய்களை இணைத்த பிறகு வீட்டில் இருந்த எல்லாரையும் வெளியேற்றினார். கேஸ் கசிந்தால் மூடிய அறையில் மூச்சு முட்டுமாம். துரை முகம் சுளித்தார், ஆனால் போனார். துரைசானி தோட்டத்து நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்தாள். அம்மா குழந்தையோடு பின்கட்டுச் சமையலறைக்கு வந்தாள். சோப்பை நுரைக்கக் கலக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. இணைப்புகளில் அந்த நுரையைப் பூசினார். ஓரிடத்தில் சின்னக் குமிழ் ஒன்று எழும்பியது. "பாத்தியா?" என்று எனக்குக் காட்டிவிட்டு அதை முடுக்கினார். குமிழ் அடங்கியது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று லயத்தில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

மிச்சம் இருந்தது கரண்டு. பங்களா இருந்த மேட்டுக்குக் கீழே இஞ்சின் ரூம். அங்கே உதவியாள் வேலையில் இருந்தவர் மாமா. பங்களாவுக்குச் சின்ன இஞ்சினிலிருந்து கரண்டு. ஆலைக்குப் பெரிய இஞ்சின், அது பகல் முழுக்க ஓடும். அதன் சத்தம் எங்களுக்குச் சத்தமாகவே படாது. இந்த இயந்திரத்தைத் தாங்கச் சின்னதுக்குச் சக்தி போதாது. சீனர் மாமாவிடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்: முதலில் சின்ன இஞ்சினை நிறுத்து, நான் வயரை இணைக்கிறேன், நான் சரி என்ற பிறகு பங்களா லைனைப் பெரிய இஞ்சினுக்கு மாற்று.

மாமா அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டதோடு விட்டிருந்தால் அவர் மாமா ஆகியிருக்க மாட்டார். எப்படியும் மாற்றத்தானே போகிறோம், இப்போதே மாற்றிவிட்டால் ஒரு வேலை மிச்சம் என்று அவருக்குத் தோன்றியது. சின்ன இஞ்சினை நிறுத்தினார். அதே கையோடு லைனைப் பெரியதுக்கு மாற்றிவிட்டு, துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

மேலே சீனர் வயரைச் சீவி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சின்ன இஞ்சின் நின்றது அவர் காதில் விழுந்தது. இருந்தாலும் வாயால் கேட்டுக்கொள்வோம் என்று கீழே பார்த்துக் கத்தினார்: "ஆப்பி சுடா மாத்தி?"

மலாயில் மாத்தி என்றால் செத்தது. மனிதன் போனாலும் மாத்தி, விளக்கு அணைந்தாலும் மாத்தி. கரண்டு நின்றுவிட்டதா என்று கேட்டார் மனிதர். இது மாமாவுக்குத் தெரியாத மலாய் இல்லை. ஆனால் பெரிய இஞ்சின் இரைச்சலில் அவர் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். சீனர்தான் தமிழ் பேசுகிறவராயிற்றே. மாற்றிவிட்டாயா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்திப் பதில் கொடுத்தார்:

"மாத்தியாச்சு! மாத்தியாச்சு!"

"மாத்தி" என்று சீனரும் திருப்தியாகத் தலையாட்டினார். கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை விளக்கு அவருடைய பெட்டியில் இருந்தது. இஞ்சின் நின்றது, ஆளும் பதில் சொல்லிவிட்டான், இதற்கு மேல் என்ன?

சமையலறையில் அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சோப்பு வேலை முடிந்து நானும் அங்கேதான் நின்றேன். அங்கும் ஜன்னலுக்குத் தகடுதான், பகலிலும் பல்பு எரியும். இந்தக் கத்தலுக்குச் சற்று முன் அந்தப் பல்பு அணைந்தது. உடனே முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது. கத்தல் காதில் விழுந்ததும் அம்மா அண்ணாந்து பல்பைப் பார்த்தாள். மேலே மலாய் மாத்தி, கீழே தமிழ் மாத்தி, தலைக்கு மேல் எரிகிற பல்பு. மூன்றையும் அவள் எப்படிச் சேர்த்தாளோ, எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

"புடிடி!" என்று குழந்தையை என்மேல் போட்டாள். கதவு மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை உருவிக்கொண்டு ஓடினாள். "ஜாங்கான் பெகாங்! தொடாதே! தொடாதே!" என்று இரண்டு மொழியிலும் கத்தினாள். சீனர் என்னவென்று திரும்புவதற்குள் அவர் மணிக்கட்டில் ஒரே போடு. வயர் ஒரு பக்கம், சுருட்டு ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம்.

ஐயோ, அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. பங்களாவில் ஒரு பெண் அலறுகிறாள், ஓர் ஆள் விழுந்து கிடக்கிறான். காவல்காரன் விசிலை ஊதிவிட்டான். விசில் கேட்டால் தரையோடு தரையாகப் படுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தோட்டக்காரர் பூப்பாத்தியில் விழுந்தார். துரைசானி குடையோடு விழுந்தாள். நான் குழந்தையை அணைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்தேன். காய்ச்சிய பால் பொங்கி அடுப்பை அணைத்தது. கைத்துப்பாக்கியோடு ஓடிவந்த துரை, ஒட்டடைக் கம்போடு நிற்கும் அம்மாவைப் பார்த்தார்.

"என்னா ஆயா! ஏன் இவனை அடிச்சான்?" என்றார். துரையின் தமிழில் அம்மாவும் அவன்தான், அப்பாவும் அவன்தான்.

வெள்ளைக்காரன் வீட்டுக்கு வந்த ஆளை அடித்தாயிற்று, வேலை போயிற்று என்று அம்மா முகத்தில் எழுதியிருந்தது. "கரண்டு இருக்குங்க தொரை" என்றாள் மெதுவாக. "தொட்டா செத்துருவாருங்க."

சீனர் எழுந்தார். பெட்டியிலிருந்து சோதனை விளக்கை எடுத்துப் பங்களா லைன் வயரில் வைத்தார். பளீரென்று எரிந்தது. பிறகு சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். கோயிலில் சாமியைக் கும்பிடுவது போலத்தான் கும்பிட்டார். அம்மா கூச்சத்தில் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவர் யார் வாயையும் நம்பவில்லை. தானே இஞ்சின் ரூமுக்கு இறங்கிப் போய், பங்களா லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். "அக்கா, இது உன்கிட்ட. நான் கேக்காம யாருக்கும் குடுக்காதே." அம்மா அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பூமிக்குள் ஆழமாக ஒரு கம்பி அடித்து, இயந்திரத்தின் உடம்பிலிருந்து அதற்கு ஒரு வயர் இழுத்தார். எங்காவது கரண்டு கசிந்தால் மனிதன்மேல் பாயாமல் மண்ணுக்குள் போவதற்காம். விளக்கு வைத்துப் பார்த்துப் பார்த்து எல்லாம் இணைத்தார். சாயங்காலம் அம்மா முடிச்சை அவிழ்த்தாள். மாமா அந்தக் கட்டையை வாங்கிப்போய்ப் போட்டு, சுவிட்சைத் தட்டினார். ஆக, அவர் சொல்லிக்கொள்வதும் பொய்யில்லை.

குளிர்காற்று வந்தது. துரைசானி கப்பல் ஏறவில்லை. அப்பா மாவிளக்கு போட்டார். மாமாவுக்கு மட்டும் "மாத்தியாச்சு" என்ற பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணப் பந்தியில்கூட, "மாத்தியாச்சுக்கு ரெண்டு வடை வைங்க" என்பார்கள்.

அம்மா ராத்திரியும் பங்களாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. குழந்தை அறையில், ஜன்னல் சுவரை ஒட்டித் தரையில் பாய் விரித்துப் படுப்பாள். தொட்டிலுக்கும் ஜன்னலுக்கும் இடையில் அவள். நாங்கள் லயத்தில் வேகும்போது இவள் மட்டும் குளிர்காற்றில் தூங்குகிறாளே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. ஏன் அங்கே போய்ப் படுக்கிறாய், அறை நடுவில் படுக்கக்கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "அங்கதான்டி காத்து நல்லா வரும்" என்றாள். காற்று கூரையிலிருந்து வருகிறது, நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு இரும்புத் தகடு எதற்கு என்று லயத்துப் பிள்ளைகள் கேட்டபோது, குளிர் வெளியே ஓடிப்போகாமல் இருக்கத்தான் என்று விளக்கம் கொடுத்தவள் நான்.

அவசரகாலம் முடிந்ததும் தகடுகளைக் கழற்றினார்கள். அந்த அறை ஜன்னலின் தகட்டை அப்பா கேட்டு வாங்கிவந்து, எங்கள் வாசல் சாக்கடைமேல் பாலமாகப் போட்டார். அதன் ஒரு முகத்தில் நாலைந்து பள்ளங்கள், கட்டைவிரல் பதியும் அளவுக்கு. மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் நிற்கும். இது ஏன் இப்படி இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டேன்.

"சீனரு சுத்தியல் கை தவறிப் பட்டிருக்கும்" என்றாள்.

எப்பேர்ப்பட்ட வேலைக்காரர், இப்படியா அடிப்பார் என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. அந்தப் பள்ளங்கள் இயந்திரம் வருவதற்கு முன்பே, இந்தத் துரைக்கு முந்தின துரை காலத்தில் காட்டிலிருந்து வந்த குண்டுகள் பட்டவை என்று பின்னாளில்தான் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தகட்டை ஈரத்துணியால் துடைத்து வந்தவள் அம்மாதான். காட்டு ஆட்கள் சுட வந்தால் லயத்துக்கு வரமாட்டார்கள், பங்களாவுக்குத்தான் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அங்கே படு என்று துரைசானி சொன்னாளா, இவளாகவே பாயை விரித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த வயதில் அம்மா இல்லை. மலாயாவிலேயே பத்திரமான இடத்தில் அம்மா தூங்குகிறாள் என்று நானோ ஒவ்வொரு ராத்திரியும் நிம்மதியாகத் தூங்கினேன்.