இடையில் நின்றால் முதலிலிருந்து

இந்த ஊரில் ரொட்டிக் கடைக்குள் நுழையும் முன் வாசலில் நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். வாங்குவது நான்கு ப்ரோட்சென், சின்ன உருண்டை ரொட்டி; அதற்கு ஐந்து சொற்கள். என் உதடு அசைவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தே கடைக்காரப் பெண் நான்கைப் பையில் போட்டுவிடுகிறாள். ஜெர்மனியில் இது எனக்கு இரண்டாவது குளிர்காலம்.

கடலூர் முதுநகர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவன் நான். தெலுங்குக்காரர், இந்திக்காரர், சிதம்பரம் கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர், யாரிடமும் வாய் கூசியதில்லை. தப்பும் தவறுமாகத்தான் பேசினேன். வண்டி வருவதற்குள் ஆளை ஏற்றிவிட வேண்டும். தப்பை எண்ண நேரம் ஏது? இங்கே எண்ணுவதைத் தவிர வேறு வேலையில்லை.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகனுக்கு வெளியூர் வேலை. கிண்டர்கார்டனிலிருந்து பேத்தியை நான் அழைத்து வராவிட்டால் மகள் வேலையை விட வேண்டியதுதான். அவசரத்துக்குத் தாத்தா ஜெர்மன் பேசுவாரா என்று பார்க்க வேண்டும் என்றார் அங்குள்ள தலைமை அம்மாள். பள்ளியில் செய்யுள் ஒப்பித்ததுபோல் பன்னிரண்டு வாக்கியங்களை உருப்போட்டுக்கொண்டு மகளோடு போனேன். மூன்றாவதில், கடலூர் எங்கே இருக்கிறது என்று அன்பாகத்தான் குறுக்கே கேட்டார். நான் மறுபடி என் பெயரிலிருந்து தொடங்கினேன். இன்னொரு கேள்வி. இன்னொரு தடவை என் பெயர்.

"அப்பா, அவுங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா."

"எடையில நின்னா எனக்கு மொதல்லேருந்துதாம்மா வரும்."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது பேத்தி தொப்பியில்லாமல் பனிக்குள் ஓடப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், ஆனால் ஜெர்மனில் சொன்னால்தான் நிற்பாள். தொப்பி எங்கே, காது வலிக்கும், ராத்திரியெல்லாம் அழப்போவது யார் என்று கத்தினேன். அவள் என் இலக்கணத்தைத் திருத்தினாள். அதற்கும் திட்டினேன். எத்தனை தப்பு என்று எண்ணவில்லை.

தலைமை அம்மாள் சிரித்தார். "நாளையிலிருந்து நீங்களே வாருங்கள்."

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் போன் போட்டேன், மனைவியின் தம்பிக்கு. உடம்பு, மழை, அகல ரயில்பாதை போட்டபின் திரும்ப ஓடும் வண்டி என்று வரிசையாக விசாரித்துக்கொண்டே போனேன்.

"என்னா மாமா, பேப்பர பாத்துப் படிக்கிற மாதிரி பேசறீங்க? அதெல்லாம் கெடக்கட்டும், ஊருக்கு எப்ப வரீங்க?"

போன் போடும் முன் சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்தவற்றில் அதற்குப் பதில் இல்லை.

"மச்சான், நல்லா இருக்கியா?" என்று மறுபடி ஆரம்பித்தேன்.